கன்னிவாடியில் ஒரு பட்டறையைப் பிரித்தோம்

2022 செப்டம்பர் 20, செவ்வாய்க்கிழமை. உரும்பிராயில் வழக்கம்போல விடியுமுன் எழும்பினேன். மண்ணெண்ணெய் கிடைக்காததால் இறைக்கும் இயந்திரம் சாக்கால் மூடி மூலையில் கிடந்தது; வாழைகளுக்குக் கிணற்றிலிருந்து கையால் அள்ளி ஊற்றினேன். பால்மா இல்லாத தேநீரைப் பனங்கட்டி கடித்துக்கொண்டு குடித்தேன். பெற்றோல் வரிசையில் நிற்க மனமில்லாமல் சைக்கிளில் வேலைக்குப் போனேன். எங்கள் கூட்டுறவுச் சங்கத்தின் களஞ்சியத்துக்கு நான்தான் பொறுப்பு. கதவைத் திறந்து, கூட்டிப் பெருக்கி, ஒவ்வொரு மூட்டையின் அடியிலும் கைவைத்து ஈரம் பார்த்தேன். வெளியே பருப்புக்கும் சீனிக்கும் சனம் வரிசையில் நின்றது. நிறுத்துக் கொடுத்தேன். மாலையில் களஞ்சியத்தைப் பூட்டி, திறப்புகளை உதவியாளரிடம் ஒப்படைத்து, மூட்டைகளைத் தினமும் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டு, இந்தியாவுக்குப் புறப்பட்டேன்.

என் தங்கை வசந்தி திண்டுக்கல் பக்கம், கன்னிவாடிக்கு அருகே இருக்கிறாள். யுத்த காலத்தில் சிறுமியாகச் சித்தியோடு படகேறிப் போனவள், முகாமில் வளர்ந்து, அந்த ஊர் விவசாயி முருகேசனைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டாள். அவளுக்குக் கர்ப்பப்பை எடுத்திருந்தார்கள். ஒரு குடத்தைக்கூடத் தூக்கக்கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். மகன் கோயம்புத்தூரில் வேலை, விடுப்பு இல்லை. சமைக்கவும் துவைக்கவும் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளாகத்தான் நான் போனேன்.

வியாழக்கிழமை மதியம் திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் இறங்கினேன். பசி. பக்கத்துத் தெருவில் ஒரு பிரியாணிக் கடையின் வாசலில் பெரிய தேக்சா நெருப்பின்மேல் இருந்தது. சீரகச்சம்பா அரிசி; எங்கள் ஊர் சம்பாவில் பாதி நீளம்கூட இல்லை. ஆனால் ஒவ்வொரு மணியும் தனித்தனியாக நின்றது. நான் வாயைத் திறந்து தண்ணீர் கேட்டதும் கல்லாவில் இருந்த பாய் நிமிர்ந்து பார்த்தார்.

"அம்மாவுக்குச் சிலோனா?"

"ஓம்."

"டிவில பாத்தேன்மா. அங்க சாப்பாட்டுக்கே கஷ்டமாமே. நீங்க காசு குடுக்க வேணாம், சாப்ட்டுப் போங்க."

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். நான் காசை எடுத்து மேசையில் வைத்தேன். "வரிசையில நிண்டம். பட்டினி கிடக்கேல்லை. காசை எடுங்கோ" என்றேன்.

"ரோஷக்காரம்மா!" என்று சிரித்துக் காசை எடுத்துப் பெட்டியில் போட்டார். பிறகு எழுந்து வந்து, ஒரு அவித்த முட்டையை என் இலையில் வைத்தார். "இது கஷ்டத்துக்கு இல்ல, விருந்தாளிக்கு. இதுக்கும் சண்டைக்கு வருவீகளா?"

இதற்குச் சண்டை பிடிக்க முடியவில்லை. முட்டையைச் சாப்பிட்டேன். வியாபாரம் எப்படி என்று கேட்டேன். அரிசி, எண்ணெய், சிலிண்டர் எல்லாம் ஏறிவிட்டதாம். "சின்ன வெங்காயம் ஒண்ணுதான்மா மலிவு. அதுல என்ன லாபம்? வெங்காயம் மலிஞ்சா வெள்ளாம பண்ற சம்சாரி வயிறு எரியும். வயிறு எரியுறவன் பிரியாணி திங்கவா வருவான்?" என்றார். எங்கள் சங்கத்தில் பொருளாதாரம் பற்றிப் பேச வந்த எவரும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

கன்னிவாடிப் பேருந்தில் ஏறிக் காசை நீட்டினேன். நடத்துனர் வாங்கவில்லை.

"லேடீஸுக்கு ஃப்ரீம்மா."

"நான் இந்த நாட்டுக்காரி இல்லை."

"லேடீஸ்தான?"

பேருந்தே சிரித்தது. நானும் சிரித்து, காசில்லாச் சீட்டை வாங்கிக் கைப்பையில் பத்திரப்படுத்தினேன். எங்கள் ஊரில் டீசல் இல்லாமல் பேருந்து வராது. வந்தால் கூரையிலும் ஆள் இருக்கும். இங்கே காசில்லாமல் உட்கார இடமும் கிடைக்கிறது என்று நான் மனதுக்குள் ஒப்பிட்டு முடிக்கவில்லை, பின்சக்கரம் வெடித்தது.

எல்லோரும் இறங்கிப் புளியமரத்தடியில் நின்றோம். முருங்கைக்காய்க் கட்டின்மேல் உட்கார்ந்திருந்த ஒரு பெண் என்னைப் பிடித்துக்கொண்டாள். "உங்க ஊர்ல ஒரமே போடக்கூடாதுன்னு சொல்லிட்டாகளாமே, நெசமா?" பிரியாணிக் கடைக்காரர் சாப்பாட்டைக் கேட்டார், இவள் உரத்தைக் கேட்டாள். கேட்பவர் தொழில் எதுவென்று கேள்வியிலேயே தெரிந்தது.

"உண்மைதான். ஒரே நாளில் நிறுத்தினார்கள். தோட்டத்தில் ஆட்டுப் பட்டி அடைத்தோம், பச்சைக் குழை வெட்டி மண்ணுக்குள் தாழ்த்தோம். வெங்காயம் போளை அளவுதான் வந்தது. ஆனால் வந்தது" என்றேன். போளை என்றால் சிறுவர்கள் விளையாடும் கோலிக்குண்டு என்று விளக்க வேண்டியிருந்தது.

அவள் யோசித்தாள். "இங்க கடை நெறைய ஒரம் இருக்கு. வாங்கத்தான் முடியல. ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள். சக்கரம் மாற்றுவதற்குள் எனக்கு ஒரு கொய்யாப்பழமும் கொடுத்தாள்.

ஊர் விலக்கில் முருகேசன் மொபெட்டோடு நின்றார். வீட்டுக்குப் போனதும் வசந்தி என் கையை முகர்ந்து பார்த்தாள். "பிரியாணியா? புரட்டாசி மாசம் வந்துட்டு பிரியாணி திங்கிறியே, இந்த வீட்டுல ஒரு மாசத்துக்கு முட்டைகூட ஒடைக்க மாட்டோம்" என்றாள். அந்த ஊர்ப் பேச்சு அவளுக்கு நன்றாகப் படிந்துவிட்டது. எங்கள் ஊரில் புரட்டாதிச் சனி சனீஸ்வரனுக்கு; எள்ளெண்ணெய் எரிப்போம். இங்கே பெருமாளுக்கு. தாடிக்கொம்புக் கோயிலுக்குப் பேருந்து பேருந்தாக ஆள் போகிறது.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து அடுப்படி என்னுடையது. தேங்காய்ப்பால் விட்டுச் சொதி வைத்தேன். முருகேசன் கரண்டியால் தூக்கிப் பார்த்தார்.

"இது கொழம்பா, ரசமா, மதினி?"

"சொதி."

"அது சரி. வெஞ்சனம் என்ன?"

"அப்பளமும் வாழைக்காய்ப் பொரியலும்."

"அப்ப தப்பிச்சேன்" என்று உட்கார்ந்தார். மூன்று முறை சொதி வாங்கி ஊற்றிக்கொண்டார். நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லவில்லை.

சாப்பிட்டபின் தோட்டத்தைக் காட்டக் கூட்டிப் போனார். மேற்கே மலை, கீழே சமவெளி. கரிசலும் செம்மண்ணும் கலந்த நிலம். கிணற்றில் மின்மோட்டார், அவர் பொத்தானை அழுத்தியதும் தண்ணீர் கையளவு பருமனில் விழுந்தது. விவசாய மின்சாரத்துக்குக் கட்டணம் இல்லை என்றார். நான் அந்தத் தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் தப்பாக நினைத்துக்கொண்டு, "அங்க கரண்டே கெடையாதோ?" என்றார். "இருக்கு. நேரம் வைத்து வரும்" என்றேன்.

தோட்டத்தின் மேட்டில்தான் அந்தப் பட்டறை. வெங்காயம் சேமிக்கும் அமைப்பு அது. கல் நிறுத்தி, மேலே மூங்கில் பரப்பி, ஓர் ஆள் உயரத்துக்குச் சுவர் மாதிரி நீளமாக வெங்காயத்தைத் தாளோடு அடுக்கி, மேலே தென்னங்கீற்று மூடுவார்கள். பக்கங்கள் காற்றுக்குத் திறந்திருக்கும். ஆடியில் தோண்டியபோது வெங்காயத்துக்குத் தோண்டும் கூலிகூடத் தேறாத விலை. பலர் வயலிலேயே உழுது விட்டார்களாம். முருகேசன் உழவில்லை. முழுவதையும் பட்டறை போட்டார். புரட்டாசி, ஐப்பசி நடவுக்கு விதை வெங்காயமாக விற்றால் விலை இருக்கும். சொந்த நடவுக்கும் விதை ஆகும்.

"இது தேறிடுச்சுன்னா அடுத்த வெள்ளாமை நம்மளது, மதினி. தேறலேன்னா நெலத்தக் குத்தகைக்கு விட்டுட்டு வேடசந்தூர் மில்லுக்குப் போக வேண்டியதுதான். பேசிட்டேன். வரச் சொல்லியிருக்காக" என்றார். அதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை; மலையைப் பார்த்தார்.

பட்டறையில் கீற்று இல்லை. கீற்று முடைய ஆள் கிடைக்கவில்லை, கூலியும் கட்டுப்படியாகவில்லை. திண்டுக்கல்லில் பழைய ஃபிளெக்ஸ் பேனர்களை எடைக்கு வாங்கி வந்து, மழைக்குப் பயந்து, மேலிருந்து தரை வரை சுற்றிக் கட்டியிருந்தார். ஒரு காதுகுத்து விழாக் குழந்தை தலைகீழாகச் சிரித்தது. அதன் தாய்மாமன்கள் வரிசையாகக் கைகூப்பி, தரையோடு மடங்கிக் கிடந்தார்கள்.

"ஒரு சொட்டு உள்ள போகாது" என்றார் பெருமையாக.

உள்ளே போகாது, சரி. உள்ளே இருப்பது வெளியே எப்படிப் போகும்? நான் கேட்கவில்லை. வந்த மறுநாளே குறை சொல்வது அழகில்லை. ஆனால் ஒரு தாய்மாமனைச் சற்று விலக்கிக் கையை உள்ளே விட்டேன். அடுப்படிச் சுவர் மாதிரிச் சூடு. கையை எடுத்தபோது விரல்கள் நனைந்திருந்தன.

அன்றிரவு நல்ல மழை. சனிக்கிழமை காலை பட்டறையருகே போனதும் மூக்கு சொல்லிவிட்டது. மின்வெட்டில் விசிறிகள் நின்ற வாரம் எங்கள் களஞ்சியத்தில் இதே வாசனை வந்தது. லேசான இனிப்பு, அதன் அடியில் அழுகல். வீட்டுக்கு வந்து, முருகேசனிடம் எங்கள் பேச்சிலேயே சொல்லிவிட்டேன். "உள்ளுக்கை வேர்த்துப்போய்க் கிடக்கு. இண்டைக்கே பிரிக்கவேணும்."

அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். "பிரிக்கவா? பெரியசாமி வந்து பாக்காம பட்டறையப் பிரிக்கிறதா?"

அப்போதுதான் அந்த ஊர் வழக்கம் எனக்குப் புரிந்தது. விதை வெங்காயம் வாங்குபவர் பிரிக்காத பட்டறையைத்தான் வாங்குவார். அவர் முன்னால்தான் முதல் கட்டை அவிழ்க்க வேண்டும். முன்பே பிரித்திருந்தால், நல்லதைப் பொறுக்கி எடுத்துவிட்டு மிச்சத்தைத் தலையில் கட்டுகிறான் என்று பொருள். பெரியசாமி ஒட்டன்சத்திரம் பக்கத்து வியாபாரி. பல வருடப் பழக்கம். செவ்வாய்க்கிழமை வருவதாக இருந்தது.

"இன்னும் மூணு நாள்தான, மதினி."

"மூணு நாளில் அது விதை இல்லை, உரம்."

"நம்ம பட்டறைன்னா கேள்வி கேக்காம வாங்குவாக. எங்கய்யா காலத்துல இருந்து ஆள் வர்றதுக்கு முன்னாடி பிரிச்சதில்ல. பிரிச்ச பட்டறைய எவன் வாங்குவான்?"

"அழுகின பட்டறையை எவன் வாங்குவான்?"

கட்டிலில் படுத்திருந்த வசந்தி எழுந்து உட்கார்ந்தாள். அந்த ஊர்ப் பேச்சு எங்கோ போய்விட்டது. "அக்கா ஒண்டும் விளையாட்டுக்குச் சொல்லேல்லை. அவ மூக்கை வச்சுத்தான் சங்கமே நடக்குது. நீங்கள் பிரிக்காட்டில் நான் போய்ப் பிரிப்பன்."

"தையலு பிரிஞ்சிரும்டி!"

"அப்ப பட்டறையைப் பிரியுங்கோ!"

முருகேசன் வெளியே போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். திரும்பி வந்து, தூணைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நாளைக்கு அமாவாசை. நல்ல நாளு. பிரிக்கிறதுன்னா நாளைக்குப் பிரிப்போம்."

எங்கள் ஊரில் அமாவாசை விரத நாள். புது வேலை தொடங்க மாட்டோம். இங்கே அன்றுதான் தொடங்குகிறார்கள். ஒரு நாள் வீண் என்று எனக்கு எரிச்சல். ஆனாலும் அவருக்கு மனம் மாறுவதற்கு ஒரு நாள் தேவை, அதை அமாவாசை தலையில் வைத்துவிட்டார் என்று தெரிந்ததால் விட்டுவிட்டேன். அன்று மாலையே நான் போய், ஃபிளெக்ஸைக் கீழிருந்து முழங்கால் உயரத்துக்குச் சுருட்டி விட்டேன். அதை அவர் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் குளித்து, காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு வந்து, முதல் கயிற்றை அவிழ்த்தார். ஆவி கிளம்பியது. மேல் அடுக்கும் நடு அடுக்கும் நன்றாகவே இருந்தன. அடியிலும் ஓரங்களிலும், ஃபிளெக்ஸ் ஒட்டிக் கிடந்த இடமெல்லாம், கை வைத்தால் குழைந்தது. முருகேசன் ஒரு பிடியை எடுத்து நசுக்கிப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நல்லதைக் காய வைக்க நிழலும் காத்தும் வேணும். எங்கை இருக்கு?" என்று கேட்டேன்.

இதைக் கேட்டபடியே வந்தவர் பக்கத்துத் தோட்டத்துப் பேச்சியம்மா. தோட்டத்தில் மல்லிகை பயிர் போட்டிருப்பவர், என் வயதுதான் இருக்கும். "எங்க கோழிக் கொட்டகை சும்மாத்தான கெடக்கு. தீவனம் விக்கிற வெலைக்குக் கோழிய வளத்தா நாமதான் தவிடு திங்கணும். கழுவிப் போட்டு மூணு மாசமாச்சு" என்றார்.

போய்ப் பார்த்தேன். நீளக் கொட்டகை. மேலே ஓடு. இரு பக்கமும் கம்பி வலை. உள்ளே தீவனத் தட்டுகள் தொங்கவிடும் கம்பிகள் கடைசி வரை. வெங்காயத்துக்கென்றே கட்டியது போல் இருந்தது. எங்கள் ஊரில் வெங்காயத்தைக் குவித்து வைப்பதில்லை. தாளோடு பிடி பிடியாகச் சேர்த்துக் கட்டி, கொட்டிலில் குறுக்குத் தடிகளில் தொங்கவிடுவோம். ஒன்று அழுகினால் பக்கத்தில் இருப்பதோடு போகும், மற்றவை தப்பும். குண்டு விழுந்த காலத்திலும் விதை வெங்காயத்தை இப்படித்தான் காப்பாற்றினோம். ஊரை விட்டு ஓடும்போது சைக்கிள் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு ஓடலாம்.

கட்டிக் காட்டினேன். ஒரு பிடி தாளை முறுக்கி, மடித்து, வாழைநாரால் இரண்டு சுற்று, ஓர் இழுவை. பேச்சியம்மா ஒரு தடவை பார்த்தார். இரண்டாம் தடவை நான் செய்வதற்குள் அவர் ஒன்று முடித்திருந்தார். தினமும் மல்லிகைச் சரம் கட்டும் விரல்கள். அவர் போய்த் தம்மோடு பூக்கட்டும் இன்னும் இருவரைக் கூட்டி வந்தார். என் கட்டில் இரண்டு சுற்று. அவர்கள் ஒரே சுற்றில் ஒரு கட்டுக்குப் பின் இன்னொரு கட்டு என்று தொடர்ச்சியாக, நாரை அறுக்காமல், சரமாகவே கட்டினார்கள். நான் வருடக்கணக்காகச் செய்வதைவிட விரைவு. சரத்தை அப்படியே கம்பியில் சுற்றித் தொங்கவிடலாம். நான் உடனே என் முறையைக் கைவிட்டு அவர்கள் முறைக்கு மாறினேன். ஊருக்குப் போய்ச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றும் நினைத்துக்கொண்டேன்.

"ஏத்தா, இம்புட்டு நீளத்துக்கு மாலை கட்டுறோமே, யாரு கழுத்துல போட?" என்றாள் ஒருத்தி.

"வெல எறக்குனவன் கழுத்துல" என்றார் பேச்சியம்மா.

"அவன் கழுத்து தாங்காது."

"தாங்காட்டா நல்லதுதான!"

திங்கட்கிழமை முழுதும் அதுதான் வேலை. முருகேசன் சுமந்தார், பெண்கள் கட்டினார்கள், நான் பிரித்துக் கொடுத்தேன். வசந்தி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லோரையும் ஏவினாள். மதியம் எல்லோருக்கும் சொதியும் சோறும். சொதியைக் குடித்த பேச்சியம்மா, "அங்க சாப்பாடே இல்லன்னாக. இதத்தான் திங்கிறீகளா?" என்றார். "தேங்காய் இருந்தால் இது. இல்லாவிட்டால் வேலியோரம் நட்ட மரவள்ளி. இந்த வருடம் வேலி இருந்த வீடெல்லாம் மரவள்ளி நட்டது. எங்கள் வரிசையில் நின்ற எவரும் வெறும் பையோடு போகவில்லை, குறைத்துக் குறைத்தாவது எல்லோருக்கும் நிறுத்துப் போட்டேன்" என்றேன். முதல் நாள் பிரியாணிக் கடையில் சொன்னபோது இருந்த விறைப்பு இப்போது இல்லை. அவரும் இரக்கப்படவில்லை. "மரவள்ளிய என்ன பண்ணுவீக? அவிச்சா, அரைச்சா?" என்று கேட்டார்.

மாலையில் முருகேசன் அழுகலைக் கூடைகளில் அள்ளினார். கிணற்றுக்கு அப்பால் உரக்குழியில் போட்டு மண் தள்ளப் போவதாகச் சொன்னார். நான் மறித்தேன். "போடவேண்டாம். அந்த ஆள் பார்க்கும் வரை அப்படியே இருக்கட்டும்."

"நாத்தத்தையா காட்டணும்? மானம் போயிரும், மதினி."

"எங்கள் களஞ்சியத்தில் கெட்டுப்போன சாமானை மேலதிகாரி பார்க்காமல் எறியக்கூடாது. எறிந்தால், கெட்டதா திருடினதா என்று கேள்வி வரும். காட்டினால் கேள்வி வராது."

அவர் கூடையை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு, பட்டறை இருந்த மேட்டிலேயே கொட்டினார். முகத்தைத் துண்டால் துடைத்தது நாற்றத்துக்காக மட்டும் என்று நான் நினைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பெரியசாமி சின்ன லாரியோடு வந்தார். வெள்ளை வேட்டி, அகன்ற தோள். மேட்டில் பட்டறை இல்லாததைத் தூரத்திலேயே பார்த்துவிட்டார்.

"ஏனுங்க முருகேசன், பட்டறையப் பிரிச்சுப்போட்டீங்களாட்ட இருக்குது? நான் வர்ற வரைக்கும் பொறுக்கக் கூடாதுங்களா?"

எனக்கு நாக்கு துடித்தது. வசந்தி என் சேலையைப் பிடித்து இழுத்தாள். இது அவர் பட்டறை, அவர் சொல்லட்டும் என்பது அந்த இழுப்பின் பொருள்.

முருகேசன் கொட்டகைப் பக்கம் திரும்பவே இல்லை. நேரே மேட்டுக்கு நடந்தார். "மொதல்ல இதப் பாருங்க" என்று அழுகல் குவியலைக் காட்டினார். "ஃபிளெக்ஸச் சுத்திக் கட்டினேன். என் தப்பு. வேர்த்துப்போச்சு. அம்புட்டும் இங்கதான் கெடக்கு. ஒண்ணைக்கூட ஒளிக்கல."

பெரியசாமி மூக்கைப் பொத்தவில்லை. குச்சி ஒன்றை எடுத்துக் குவியலைக் கிளறினார். குனிந்து, நாலைந்து வெங்காயத்தை எடுத்துப் பருமன் பார்த்தார். அழுகியவற்றில் பெரிதும் சிறிதும் கலந்தே இருந்தன. பொறுக்கியெடுத்த மிச்சம் அப்படி இருக்காது. கையை வேட்டியில் துடைக்கப் போனவர், நினைவு வந்து மண்ணில் துடைத்தார். "சரிங்க. நல்லதக் காட்டுங்க" என்றார்.

கோழிக் கொட்டகைக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டார். கம்பி கம்பியாக, கொட்டகையின் கடைசி வரை, வெங்காயச் சரங்கள். காற்று வலைவழியாக வந்து தாள்களை அசைத்தது. வாசனை இப்போது வெங்காய வாசனை மட்டும். அவர் சரங்களுக்கு நடுவே நடந்தார். விருப்பமான இடத்தில் ஒரு பிடியை அவிழ்த்து, ஒரு வெங்காயத்தைக் கத்தியால் வெட்டி, குருத்தைப் பார்த்து, ஒரு துண்டை வாயில் போட்டார். இன்னொரு மூலையில் இன்னொன்று. நாங்கள் வாசலிலேயே நின்றோம்.

"பட்டறைன்னா வெளிய இருக்கறதத்தான் பாக்க முடியுமுங்க. உள்ளாற இருக்கறது சாமி விட்ட வழி. இதுல ஒண்ணொண்ணும் மூஞ்சியக் காட்டுது" என்றார் கடைசியில். "ஆருங்க இப்புடிக் கட்டுனது?"

முருகேசன் என் பக்கம் கையை நீட்டினார். "எங்க மதினி. யாழ்ப்பாணம். கட்டினது எங்க ஊரு, கட்டச் சொன்னது அவுக ஊரு."

எனக்கு வயது ஐம்பத்து நாலு. சங்கத்தில் நற்சான்றிதழ் வாங்கிய அன்றுகூட நான் இவ்வளவு நிமிர்ந்து நின்றதில்லை.

"யாழ்ப்பாணங்களா? அங்கத்த சனம் சோத்துக்கே அல்லாடுதுன்னு டிவில போட்டாங்களே."

"அல்லாடினது உண்மை. அதோடு வெங்காயமும் போட்டோம்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். பிறகு முருகேசனிடம், "அவுக்காதீங்க, சரத்தோடயே ஏத்துங்க. என்ர ஊர்ல நாலு பேருக்குக் காட்டோணும்" என்றார். முருகேசன், தமது நடவுக்கு வேண்டிய சரங்கள் போகத்தான் ஏற்றுவேன் என்றார். அவர் தயங்காமல் சொன்ன முதல் வார்த்தை அதுதான். பெரியசாமி ஒத்துக்கொண்டார். விலை பேசும்போது நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். மற்றவர் விலை பேசுவதைக் கேட்பது என் வழக்கமில்லை. லாரி போனபின் வசந்தி வந்து, "மில்லுக்குப் போன் போட்டு வரலன்னு சொல்லிட்டாரு, அக்கா" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். தையல் வலிக்கும், அழாதே என்றேன்.

புதன்கிழமை காலை, தேநீருக்கு அடுப்பு மூட்டுமுன் மூவரும் தோட்டத்துக்குப் போனோம். மழை ஈரத்தில் பார் பிடித்து வைத்திருந்தார் முருகேசன். அந்த வீட்டில் முதல் விதையை வீட்டுப் பெண்தான் நட வேண்டும். வசந்தியால் குனிய முடியாது. அவள் வரப்பில் உட்கார்ந்துகொண்டு, "அக்கா நடட்டும்" என்றாள். முருகேசன் சரத்திலிருந்து ஒரு வெங்காயத்தைக் கிள்ளி என் கையில் கொடுத்தார். பாரின் சரிவில் விரலால் குழி செய்து, வேர் கீழாக வைத்து, மண்ணை அணைத்தேன். அவர் பாரின் மறுபக்கத்தில் குந்தி, தம் வெங்காயத்தை நட்டார். வரிசை முடியும்வரை நடுவதை நாங்கள் நிறுத்தவில்லை.